ஒரு நாள் போதாத ஊர்

அந்தமானுக்குப் புறப்படும் இளைஞர்களிடையே ஓர் அறிவுரை வேதவாக்குப் போலக் கைமாறுகிறது: போர்ட் பிளேருக்கு ஒரு நாள் போதும். காலையில் விமானத்தை விட்டு இறங்க வேண்டும்; பிற்பகலில் செல்லுலார் சிறை; மாலையில் அதன் முற்றத்தில் ஒலி-ஒளிக் காட்சி; இரவு மலிவான விடுதியில் ஒரு படுக்கை; விடிந்ததும் ஹாடோவிலோ ஃபீனிக்ஸ் பேயிலோ கப்பலேறி ஹேவ்லாக். நகரம் முடிந்தது. இந்த அறிவுரையைக் குழுச்சுற்றுலா முகவரும் தருகிறார். குழுச்சுற்றுலாவை ஏளனம் செய்யும் முதுகுப்பைப் பயணியும் தருகிறார். எதிலும் ஒத்துப்போகாத இருவர் இந்த ஒன்றில் ஒத்துப்போகிறார்கள் என்பதே இதை ஐயுறப் போதுமான காரணம்.

முதுகுப்பைப் பயணிக்கு ஒரு தன்மதிப்பு உண்டு. தாம் சுற்றுலா வந்தவர் அல்லர், பயணம் வந்தவர் என்பது அது. குறைந்த பணம், பொதுப்பேருந்து, தெருவோரத் தேநீர், நீண்ட விடுமுறை ஆகியவற்றால் ஊரின் உண்மை தமக்கு மட்டும் திறக்கும் என்று அவர் நம்புகிறார். ஆய்வு மாணவர்களும் இளம் பேராசிரியர்களும் இந்த நம்பிக்கையில் முன்வரிசையில் நிற்பவர்கள். ஆனால் அவர்களின் வழித்தடத்தை வரைபடத்தில் வரைந்து, ஐந்து நட்சத்திர விடுதியில் தங்கும் குடும்பத்தின் வழித்தடத்தை அதன்மேல் வைத்தால், போர்ட் பிளேரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கோடு. வேறுபடுவது பையின் வடிவம் மட்டுமே.

துயர வரலாறு கொண்ட ஊருக்குப் பொழுதுபோக்காகச் செல்வது பாவம் என்று சொல்வோர் உண்டு. அந்த வாதம் இங்கே முன்வைக்கப்படவில்லை. செல்லலாம்; சிரிக்கலாம்; கடலில் குளிக்கலாம். தவறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஊரின் துயரமனைத்தும் ஒரு கட்டடத்துக்குள் அடங்கிவிட்டது என்று எண்ணுவது முதல் தவறு. கண்ணுக்கு எட்டுவன எல்லாம் காட்சிப்பொருள் என்று எண்ணுவது இரண்டாம் தவறு. முதலாவதால் பார்க்க வேண்டியது விடுபடுகிறது; இரண்டாவதால் பார்க்கக் கூடாதது பார்க்கப்படுகிறது.

முதலில் அந்தக் கட்டடம். செல்லுலார் சிறையின் கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல் முடிந்தது. நடுவில் காவல் கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல ஏழு பிரிவுகள். ஒவ்வொன்றும் மூன்று தளம். 690க்கும் மேற்பட்ட தனியறைகள். ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகைப் பார்க்குமாறு அமைக்கப்பட்டதால், ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காண வழியில்லை. இன்று எஞ்சி நிற்பவை மூன்று பிரிவுகள். ஏனையவற்றுள் சில நின்ற இடத்தில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை இயங்குகிறது. எஞ்சியவற்றையேனும் காப்பாற்றுங்கள் என்று முன்னாள் அரசியல் கைதிகள் வலியுறுத்தியதன் விளைவாக, 1979 பிப்ரவரியில் இது தேசிய நினைவுச்சின்னமாக அர்ப்பணிக்கப்பட்டது. போற்றத்தக்க செயல்தான்.

ஆயினும் அந்தக் கட்டடம் ஒரு நீண்ட கதையின் நடுப்பகுதியில் எழுந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. முதல் 200 கைதிகளுடன் ஜே.பி. வாக்கர் அங்கே இறங்கியது 1858 மார்ச் 10 அன்று. சிறையின் முதற்செங்கல் வைக்கப்படுவதற்கு 38 ஆண்டுகள் முன்பே அது தண்டனைக் குடியேற்றம். தப்பியோடிப் பிடிபட்ட 80க்கும் மேற்பட்டோரை அதே ஆண்டில் வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். சாத்தம், ரோஸ், வைப்பர், ஹாடோ, அபர்தீன் என இன்று பேருந்து நிறுத்தங்களாகவும் படகுத்துறைகளாகவும் ஒலிக்கும் பெயர்கள் எல்லாம் காடு வெட்டப்பட்ட, சதுப்பு தூர்க்கப்பட்ட, விலங்கிட்ட கால்கள் நடந்த இடங்களின் பெயர்கள். செல்லுலார் சிறை கட்டப்பட்ட பின்னரும், புதிதாக வந்த சாதாரணக் கைதி அதற்குள் கழித்தது பெரும்பாலும் தொடக்க மாதங்களை மட்டுமே. அதன் பிறகு அவர் வெளியே, கும்பல் உழைப்பில். ஊர் முழுவதும் சிறை. சிறை என்று இன்று சீட்டு வாங்கிப் பார்க்கப்படுவது அதன் வாயில். வாயிலில் நின்று படமெடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துவிட்டதாகச் சொல்வதை என்னவென்பது?

அடுத்த கேள்வி: அந்த வீட்டில் வாழ்ந்தவர் யார்? 1858 முதல் 80 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அந்தமானுக்கு அனுப்பப்பட்ட கைதிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 80,000 என வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டில் புரட்சியாளர்களாக அங்கே அடைக்கப்பட்டோர் சில நூறு பேர். பளிங்குப் பலகைகளில் பொறிக்கப்பட்டிருப்பவை அந்தச் சில நூற்றுவரின் பெயர்கள். 1912இல் அறையிலேயே தூக்கிட்டு மாண்ட இந்து பூஷண் ராய், 1933 மே மாத உண்ணாநிலைப் போராட்டத்தில் வலிந்து உணவூட்டப்பட்டு இறந்த மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகியோரின் பெயர்கள் கல்லில் இருக்கவே வேண்டும். ஆனால் ஏனைய பல்லாயிரம் பேர்? கொலைக்காகவும் கொள்ளைக்காகவும் வந்தவர்கள், 1921 கிளர்ச்சிக்குப் பின் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார், குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டு 1920களில் குடியேற்றப்பட்ட பாந்துக்கள், குடியேற்றத்தில் குடும்பங்கள் உருவாக வேண்டும் என்பதற்காகக் கொண்டுவரப்பட்டு மணம் முடித்துவைக்கப்பட்ட பெண் கைதிகள்; இவர்களுக்கு எந்தப் பலகையும் இல்லை. தெற்கு அந்தமானில் காலிகட், மஞ்சேரி, வண்டூர் என்று ஊர்ப்பெயர்கள் மட்டும் இருக்கின்றன. வண்டூர் கடற்கரைக்குப் போகும் பயணி அந்தப் பெயர் எங்கிருந்து அங்கே வந்தது என்று கேட்பதில்லை.

தியாகி, கைதி என்ற இந்தப் பிரிவினை தண்டனையின் இயல்பிலிருந்து வந்ததன்று. செக்கு இருவரையும் ஒன்றாகவே அரைத்தது. நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டியாக வேண்டும் என்ற கணக்கு, ஆட்டுபவர் எதற்காகச் சிறைப்பட்டார் என்று பார்க்கவில்லை. விடுதலைக்குப் பின் வந்த நினைவுதான் பார்க்கிறது. நாட்டுக்காகத் துன்புற்றவரின் துன்பம் வரலாறு. பஞ்சத்தில் தானியம் திருடியவரின் துன்பம் வெறும் தண்டனை என்று அது தரம் பிரிக்கிறது. இந்தத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு காலனியச் சிறையைக் கண்டிப்பதில் ஒரு முரண் உண்டு. தண்டிக்கப்பட்டவர்களுள் மேலானவர்களையும் தவறாகத் தண்டித்துவிட்டார்கள் என்பதே அப்போது குற்றச்சாட்டாகிறது; தண்டனைக் குடியேற்றம் என்ற ஏற்பாடே கொடியது என்பது எங்கும் சொல்லப்படுவதில்லை.

மூன்றாம் தளத்தின் கோடியில் இருக்கும் ஓர் அறையின் முன் எப்போதும் கூட்டம். 1911 முதல் 1921 வரை சாவர்க்கர் இருந்த சிறை அது. அங்கே வணங்குவோர் உண்டு. அவர் எழுதிய கருணை மனுக்களை நினைவூட்டி நகைப்போரும் உண்டு. இந்தச் சண்டை இரண்டு தரப்புக்கும் உவப்பானது, ஏனெனில் இரண்டு தரப்பும் அந்த ஓர் அறையை விட்டு நகர வேண்டியதில்லை. பல்கலைக்கழக வளாகத்து விவாதங்களும் அந்த அறைவாசலிலேயே தேங்கி நிற்கின்றன. சாவர்க்கரை எதிர்ப்பவர் தம் எதிர்ப்பினாலேயே, 690 அறைகளையும் ஊர் முழுவதையும் அவருக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறார்.

எந்தப் பலகையிலும் பொருந்தாத ஒருவரை இங்கே நினைவுகூரலாம். பழைய 20 ரூபாய் நோட்டில் இருப்பது மவுண்ட் ஹாரியட்டிலிருந்து தெரியும் காட்சி. நோட்டை உயர்த்திப் பிடித்து, பின்னணியில் நார்த் பே கலங்கரை விளக்கத்துடன் படமெடுப்பது பயணிகளிடையே சடங்காகிவிட்டது. 1872 பிப்ரவரி 8 மாலையில் இதே குன்றிலிருந்து சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கிய வைஸ்ராய் மேயோ, அடிவாரத்தில் ஹோப்டவுன் படகுத்துறையில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் ஷேர் அலி அஃப்ரிடி, கொலைக்குற்றத்துக்காகத் தீவுக்கு வந்து அங்கே முடிதிருத்துநராக இருந்த கைதி. அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். இந்திய மண்ணில் பதவியிலிருக்கும் வைஸ்ராயைக் கொன்ற ஒரே மனிதர் அவர். அவர் தியாகியா, கொலைகாரரா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாததால், நினைவு அவரை ஓரங்கட்டி வைத்திருக்கிறது. 2021இல் அந்தக் குன்று மவுண்ட் மணிப்பூர் ஆயிற்று. 1891 போருக்குப் பின் அங்கே நாடுகடத்தப்பட்ட மணிப்பூர் அரசர் குலச்சந்திராவின் நினைவாக. அரசருக்கு ஒரு குன்று கிடைத்தது. முடிதிருத்துநருக்கு வைப்பர் தீவில் மேடேறிச் சென்றால் காணக்கூடிய தூக்குமேடைக் கட்டடம் மட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்பவருக்கு இந்த ஊர் அயலூரன்று. தீவாந்தரம் என்ற சொல் தமிழில் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்ட காலம் மிகத் தொலைவில் இல்லை. 1908இல் வ.உ.சிதம்பரனாருக்கு நீதிபதி பின்ஹே விதித்ததும் தீவாந்தரத் தண்டனையே. மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டதால் கோவையிலும் கண்ணனூரிலும் செக்கிழுத்துக் கழிந்தது. எஸ்.எஸ். மகாராஜா என்ற கைதிக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிச் சென்றது. இன்று நீல் என்று அழைக்கப்படும் தீவின் பெயர், நீலக் கடலால் வந்தது என்று எண்ணிக்கொள்வது எளிது. 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் வெறியாட்டம் ஆடிய ஜெனரல் நீலின் பெயர் அது. சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவருடைய சிலையை அகற்றக் கோரி 1927இல் இளைஞர்கள் சத்தியாகிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937இல் சிலை அகற்றப்பட்டது. அந்த இளைஞர்களின் வயதை ஒத்தவர்கள் இன்று நீலில் மிதிவண்டி வாடகைக்கு எடுத்துச் சுற்றுகையில், அந்தப் பெயரின்மேல் ஓர் ஊரே கோபப்பட்டிருந்தது என்பதை அறியாமலிருப்பது அவர்களின் குற்றமன்று. அறிவிக்க வேண்டியவர்களின் குற்றம்.

பெயர்களை மாற்றியாயிற்றே என்று பதில் வரலாம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷாஹீத் தீவாகவும், ரோஸ் சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் மாறின. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சோழர்களின் கடற்படைத் தளமாக விளங்கிய தீவுகள் என்று அப்போது சொல்லப்பட்டது தமிழர்களுக்கு இனித்தது. மாநக்கவாரம் ராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறுகிறது என்பது உண்மை. ஆனால் அது அவன் வென்று கைப்பற்றிய இடங்களின் பட்டியலில்தான் இடம்பெறுகிறது. படையெடுக்கப்பட்ட ஊர் ஒன்று தன் மேல் படையெடுத்தவனை நினைத்துப் பெருமைப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது விந்தை. ராசேந்திரன் 1025 அளவில் தாக்கிய பேரரசின் பெயர் ஸ்ரீவிஜயம் என்பது அதைவிட விந்தை. வெள்ளைத் தளபதிகளின் பெயர்கள் போனதற்கு யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் பழைய பெயரோடு, அது எப்படி அங்கே வந்தது என்ற கேள்வியும் சேர்ந்து போய்விடுகிறது. வெற்றியைச் சொல்லும் பெயர் ஒன்று வந்த பின் தோற்றவர்களைப் பற்றி யார் கேட்பார்கள்?

தோற்றவர்களுள் தலையாயவர்கள் கைதிகளும் அல்லர். 1859 மே மாதத்தில் கிரேட் அந்தமானியர்கள் வில்லும் அம்பும் கொண்டு அபர்தீன் குடியிருப்பைத் தாக்கினார்கள். அவர்களிடையே ஓராண்டு வாழ்ந்து திரும்பிய தூத்நாத் திவாரி என்ற தப்பிய கைதி முன்கூட்டியே எச்சரித்ததால் ஆங்கிலேயர் தயாராக இருந்தனர். தாக்குதல் முறியடிக்கப்பட்டது, திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. இந்நிகழ்ச்சியை எந்த ஒற்றைக் கதைக்குள்ளும் அடைக்க இயலாது. கைதி காடு வெட்டுவது அவருக்குத் தண்டனை. அதே வெட்டு காட்டுக்கு உரியவர்களுக்கு அழிவு. ஒருவரின் விடுதலை மற்றவரின் தோல்வியால் வாங்கப்பட்டது. 1863இல் ரோஸ் தீவில் தொடங்கப்பட்ட அந்தமான் இல்லத்தில் பழங்குடியினர் வைத்துப் பழக்கப்பட்டனர், நோய்கள் பரவின. ஆயிரக்கணக்கில் இருந்த மக்கள் 1901 கணக்கெடுப்பில் 625, 1961இல் 19. போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். ரோஸ் தீவில் இடிந்த சுவர்களைப் பற்றிப் படர்ந்திருக்கும் ஆலவேர்களைப் படமெடுக்காத பயணி இல்லை. அந்த இல்லம் எங்கே இருந்தது என்று தேடுபவரும் அநேகமாக இல்லை. அபர்தீன் போரின் நினைவுத்தூண் படகுத்துறை வளாகத்திலேயே, ரோஸுக்குப் படகுச்சீட்டு வாங்கும் வரிசைக்கு அருகிலேயே இருக்கிறது.

பிறகு, பிரிட்டிஷார் இல்லாத துயரம். 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை தீவுகள் ஜப்பானியரின் ஆளுகையில் இருந்தன. 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் அங்கே கொடியேற்றினார். அந்நாள் விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அதே நாளில் செல்லுலார் சிறைக்குள், மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் ஜப்பானியரின் சித்திரவதையில் இருந்தார். இரண்டு வாரம் கழித்து, 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் இந்திய சுதந்திர லீகைச் சேர்ந்தவர்கள். அதாவது போஸின் அணியையே சேர்ந்தவர்கள். 1945 ஆகஸ்டில், உணவு தட்டுப்பட்ட நேரத்தில், பயனற்றவர்கள் என்று கருதப்பட்ட நூற்றுக்கணக்கானோர் கப்பலில் ஏற்றப்பட்டு ஹேவ்லாக் கரைக்கு அருகே கடலில் தள்ளப்பட்டனர். பிழைத்து வந்து சொன்னவர்கள் மிகச் சிலர். போஸ் இவற்றை எவ்வளவு அறிந்திருந்தார் என்பது வேறு விவாதம். கொடியேற்றிய நாள் எல்லாருக்கும் தெரிந்திருக்க, ஹம்ஃப்ரிகஞ்ச் ஊரின் எல்லைக்கு வெளியே தெரியாமலிருப்பது ஏன் என்பதே இங்குள்ள விவாதம். ஆக்கிரமித்தவர் வெள்ளையராக இல்லாவிடில் தேசிய நினைவுக்கு நாக்கு எழுவதில்லை. ஹேவ்லாக்கின் கடல் அழகானது. அதில் மிதக்கும்போது இதை எண்ண வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த இயலாது. ஆனால் போர்ட் பிளேரில் துயரம், ஹேவ்லாக்கில் இன்பம் என்று கடலை நடுவில் கோடு கிழித்து வைத்திருக்கும் அந்தப் பயணத்திட்டம் பொய் சொல்கிறது.

இந்த இடத்தில் மூன்று மறுப்புகள் எழும். விடுமுறைக்கு வருபவர்களிடம் வரலாற்றுத் தேர்வு நடத்துவது மேட்டிமை என்பது முதலாவது. யாரும் தேர்வு நடத்தவில்லை. தாம் பிறரைவிட ஆழமாகப் பயணிப்பதாக முதுகுப்பைப் பயணியே உரிமை கோருகிறார். அவர் சொன்னதற்கு அவரையே பொறுப்பாக்குவது அநீதி ஆகாது.

இரண்டாவது மறுப்பு உள்ளூரைச் சார்ந்தது. இன்றைய போர்ட் பிளேரில் வாழ்வோர் கைதிகளின் வழிவந்த லோக்கல் பார்ன் சமூகத்தினர் மட்டுமல்லர். கிழக்கு வங்க அகதிகள், ராஞ்சியிலிருந்து வந்த காட்டுத் தொழிலாளர்கள், தெலுங்கர், மலையாளிகள், தமிழர் எனப் பலர். அபர்தீன் கடைத்தெருவில் நின்றால் தமிழ் காதில் விழும். அவர்கள் பிழைப்பைப் பார்க்கட்டும், ஊரைத் துக்க வீடாக்காதீர்கள் என்று சொல்லலாம். நியாயமான சொல். ஆனால் ஒரே நாளில் ஊரைக் கடந்து போகும் பயணி அந்தக் கடைக்காரருக்கு என்ன கொடுத்துவிடுகிறார்? மூன்று நாள் தங்குபவர் மூன்று நாள் உண்பார், பேசுவார், பேருந்தில் ஏறுவார். கைதிகளின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊரை அருங்காட்சியகமாகக் குறுக்கியவர் அவரல்லர். ஒற்றைச் சிறைக்காக வந்துபோனவரே.

மூன்றாவது மறுப்பு கல்விப்புலத்திலிருந்து வரும். இதற்கெல்லாம் ஏற்கெனவே பெயர் உண்டே என்பார்கள். 1996இல் ஜான் லெனனும் மால்கம் ஃபோலியும் டார்க் டூரிசம் என்ற சொல்லை முன்வைத்தார்கள். அதன் பிறகு கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. அந்தமானைப் பற்றிச் சதத்ரு சென், அபர்ணா வைதிக், கிளேர் ஆண்டர்சன் ஆகியோர் எழுதிய நூல்கள் சாதாரணக் கைதிகளின் வாழ்வை ஆவணங்களிலிருந்து மீட்டுக் கொணர்ந்திருக்கின்றன. உண்மை. ஆனால் அந்த அறிவு நூலக அடுக்கில் இருக்கிறது. நகரம் கைப்பேசித் திரையில் இருக்கிறது. ஆய்வேட்டில் அடித்தள மக்களின் வரலாற்றை எழுதும் அதே மாணவர், விடுமுறையில் அதே ஒரு நாள் திட்டத்தைக் கடைப்பிடித்துவிட்டு, சிறைக் கம்பியின் பின்னால் நின்ற படத்தை வெளியிடுகிறார். சொல்லைக் கற்றுக்கொண்டது பார்வையை மாற்றவில்லை. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் முன்னாள் கைதிகளே வழிகாட்டிகளாக நின்று பேசினார்கள். செல்லுலார் சிறையில் பல்லாண்டுகளாக ஒலி-ஒளிக் காட்சியில் முற்றத்து அரச மரத்தைப் பேசவைத்தார்கள். மரம் கம்பீரமாகவே பேசியது. சுவருக்கு வெளியே, கைதிகளின் வழித்தோன்றல்கள் பேசக்கூடிய நிலையில் உயிரோடு இருந்தார்கள்.

இனி இரண்டாம் தவறு. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே செல்லும் அந்தமான் டிரங்க் சாலை ஜாரவா மக்களின் காப்பகத்துக்குள் புகுந்து செல்கிறது. அந்தப் பகுதியை மூட வேண்டும் என்று 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் விடியுமுன்னே வாகனங்கள் வரிசை கட்டுகின்றன. காவலர் துணையுடன் அணியாகப் புறப்படுகின்றன. சொல்லப்படும் காரணம் பாராடாங்கின் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும். கண்கள் தேடுவது சாலையோரத்தில் நிற்கக்கூடிய மனிதர்களை. உணவுக்காக ஜாரவாப் பெண்கள் ஆடவைக்கப்பட்ட காணொளி 2012இல் வெளிவந்தபோது உலகமே முகம் சுளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் பயணிகளுக்குச் சில வாரங்கள் தடைவிதித்தது. பிறகு வரிசை மீண்டும் நின்றது. 2018 நவம்பரில் ஓர் அமெரிக்க இளைஞர் வடக்கு சென்டினல் தீவில் புகுந்து உயிரிழந்தார்; 2025 மார்ச்சில் இன்னொருவர் அதே கரையில் தேங்காயும் கோலா டின்னும் வைத்துவிட்டுத் திரும்பிக் கைதானார். இவர்களைப் பித்தர்கள் என்று சொல்லி நகர்ந்துவிடுவது வசதி. யாரும் பார்க்காததைப் பார்த்துவர வேண்டும் என்ற வேட்கை, அதிகாலை வரிசையில் நிற்பவரிடமும் சிறிய அளவில் இருக்கிறது.

நடு அந்தமானிலும் வடக்கு அந்தமானிலும் வாழ்பவர்களுக்கு அந்தச் சாலை மருத்துவமனைக்குப் போகும் வழி. அவர்களின் தேவையைத் தீர்க்க வேண்டியது அரசின் கடன். பயணிக்கு அப்படி எந்தத் தேவையும் இல்லை. பாராடாங்குக்குக் கடல்வழி உண்டு. அது வாய்க்காவிட்டால் குகையைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் யாருக்கும் குறை நேராது.

2009 மேக்குப் பின் என்ன நடந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தெற்கிலிருந்து பேருந்துகள் வன்னிக்கு வந்தன. புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் தங்கியிருந்த நிலவறையைப் பார்க்க வரிசை நின்றது. பிணங்கள் மிதந்த நந்திக்கடலின் ஓரத்தில் இராணுவம் லகூன்ஸ் எட்ஜ் என்ற விடுதியை நடத்தியது. அந்தப் பயணிகளுள் பலர் கெட்டவர்கள் அல்லர். விடுமுறைக்கு வந்த குடும்பங்கள். ஆனால் முள்வேலிக்குள்ளிருந்து வெளிவந்தவர்கள் சாலையோரத்தில் நின்றபோது, சன்னலுக்கு வெளியே நீண்ட கைப்பேசிகளைத் தமிழர்கள் மறக்கவில்லை. பார்க்கப்படுவதன் வலி என்னவென்று அறிந்த சமூகம் இது. அச்சமூகத்திலிருந்து வந்த, அந்த வலியைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிய, கற்ற இளைஞர்கள் ஜிர்காடாங் வரிசையில் நிற்கும்போது, வன்னியில் அவர்கள் எழுப்பிய கேள்வி அவர்களை நோக்கியே திரும்புகிறது. தன் துயரத்துக்கு மரியாதை கேட்பவர் பிறர் துயரத்தின் முன் கண்ணாடியை இறக்கிப் பார்க்கலாகாது.

ஆகவே, போர்ட் பிளேரை நடந்து பார்க்க வேண்டும். இந்த நகரத்துக்கு முதுகுப்பைப் பயணம் போலப் பொருத்தமான பயணமுறை வேறில்லை. மேடும் பள்ளமுமாக இருக்கும் இந்த ஊரைக் கைதிகள் கட்டியது கால்நடையாகத்தான். முதல் நாள் சிறைக்கு உரியது. இரண்டாம் நாள் அபர்தீன் நினைவுத்தூண், கைதிகளின் உழைப்பில் 1883 முதல் இயங்கிவரும் சாத்தம் மரமறுக்கும் ஆலை, வைப்பர் தீவின் தூக்குமேடை. மூன்றாம் நாள் பேருந்தேறி ஹம்ஃப்ரிகஞ்ச். அதற்குச் செலவாகும் பணம் ஹேவ்லாக்கில் ஒருமுறை கடலில் மூழ்கிப் பவளம் பார்க்க ஆகும் செலவில் சிறு பகுதி. இதற்கெல்லாம் தியாக மனப்பான்மை எதுவும் தேவையில்லை. இரண்டு நாள் தேவை.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு: பளிங்குப் பலகையில் பெயரில்லாத பல்லாயிரம் பேரின் பதிவேடுகள் பொதுவில் திறக்கப்பட வேண்டும், அவர்களின் வழித்தோன்றல்கள் அந்தச் சிறையில் வழிகாட்டிகளாகப் பேச வேண்டும், 2002 ஆணை நிறைவேற்றப்பட வேண்டும். இவை நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடிகாலை நான்கு மணிக்கு ஜிர்காடாங்குக்குப் போகும் வாகனத்தில் இடம் இருக்கிறது என்று விடுதியில் சொல்லும்போது, வேண்டாம் என்று சொல்ல எந்த ஆணையும் தேவையில்லை. அன்று காலை ஹம்ஃப்ரிகஞ்சுக்குப் பேருந்து உண்டா என்று அதே விடுதியில் கேட்கலாம். பலர் கேட்கத் தொடங்கினால், ஒரு நாள் போதும் என்று சொல்ல அங்கிருப்பவர்களும் தயங்குவார்கள்.